சாம்பிள் மாத்திரை

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கும் டைரிகளை நான் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவது வழக்கம். இந்த ஒன்றை வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அக்டோபர் எட்டாம் தேதி மாவட்ட டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் ‘கிராமப்புற அவசர சிகிச்சையில் பொது மருத்துவரின் பங்கு’ என்ற தலைப்பில் நான் பேச வேண்டுமாம். செயலாளர் போன் செய்தார். “இருபத்தேழு வருஷமா கருவேலங்குடியில ஒத்த ஆளா நிக்கிறீங்க. உங்கள விட்டா யாரு இருக்கா சார்?” என்றார். அவர் சொன்னது உண்மைதான் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

பேச்சுக்கு உதாரணங்கள் வேண்டும். இனி வரும் அவசரக் கேஸ்களைத் தேதி போட்டுக் குறித்துவைக்கப் போகிறேன்.

இந்த வாரம்: ஒன்றுமில்லை.

எழுதும்போதே கை கூசுகிறது. பாம்பு கடித்தாலும், பருத்திக்கு அடிக்கிற மருந்தை யாராவது கோபத்தில் குடித்துவிட்டாலும், மாடு முட்டினாலும் இந்த ஊரில் முதலில் தட்டப்படுவது என் கதவுதான். முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் வீடு. மாவட்ட ஆஸ்பத்திரி நாற்பத்தாறு கிலோமீட்டர். அங்கே போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்து நிறுத்துவது என் வேலை. கையைப் பிடித்து நாடி பார்த்தாலே எனக்குப் பாதி தெரிந்துவிடும்.

ஜூன் மாதம் வரை இப்படித்தான் இருந்தது. ஜூனில் ஆரம்ப சுகாதார நிலையத்தை இருபத்து நான்கு மணி நேரமும் திறந்துவைக்க ஆரம்பித்தார்கள். ஈ.சி.ஜி. மெஷின் வந்தது. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. கூடவே டாக்டர் பெனாசிர் பாத்திமா வந்தார். கீழக்கரைப் பக்கத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

காலையில் வாசலில் நின்று பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆட்டோ வந்தது. உள்ளே சுப்பையாக் கோனார், மடியில் மகனின் கால், காலில் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. பாம்புதான். ஆட்டோக்காரன் பழக்க தோஷத்தில் என் வாசலில் வேகத்தைக் குறைத்தான். உள்ளிருந்து ஒரு கை அவன் தோளைத் தட்டியது. வண்டி நேராகப் போய்விட்டது. கோனார் என்னைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் இருந்த டிரான்ஸ்பார்மரைப் பார்த்துக்கொண்டு போனார்.

அவருடைய அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியபோது மூன்று நாள் தூங்காமல் பார்த்தவன் நான்.

கம்பவுண்டர் இருளாண்டி மதியம் விசாரித்துக்கொண்டு வந்தான். “பாம்புக்கடி மருந்து பத்து பாட்டில் ஏத்துனாகளாம் சார். பையன் எந்திரிச்சு உக்காந்துட்டானாம்” என்றான். நான் கேட்கவே இல்லை. நல்லது என்றேன். நல்லதுதான். இருந்தாலும் மத்தியானச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்றால் பொறாமைதான், யாருக்கும் பயந்து மறைக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

டாக்டர் பெனாசிரே என்னைப் பார்க்க வந்தார். மரியாதை நிமித்தமாம். காய்ச்சல்காரர்களோடு பெஞ்சில் இருபது நிமிஷம் உட்காரவைத்தேன். வேண்டுமென்று அல்ல, எனக்குக் கூட்டம் இருந்தது. ஐந்து பேர்.

“சார், உங்ககிட்ட பாத்துட்டு எங்ககிட்ட வர்றவங்களுக்கு நீங்க என்ன குடுத்தீங்கன்னு ஒரு சீட்டு எழுதி அனுப்புனீங்கன்னா உதவியா இருக்கும். நானும் அதே மாதிரி எழுதி அனுப்புறேன்.”

“என் கையெழுத்து உங்களுக்குப் புரியாதும்மா” என்றேன்.

சிரித்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாக்கியம் உள்ளே காப்பி போடும் வாசனை வந்தது. “யாரு வந்துருக்கா?” என்று கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டாள். மருந்துக் கம்பெனி ஆள் என்று சொல்லி உள்ளேயே இருக்கச் சொன்னேன். டாக்டரம்மா காப்பி குடிக்காமலே கிளம்பிப் போனார்.

ஆகஸ்ட் 16, புதன்

செங்கல் சூளை ராக்குவின் ஜாக்கெட்டுக்குள் இருந்து ஒரு வெள்ளைச் சீட்டு எட்டிப் பார்த்தது. வாங்கிப் பார்த்தேன். டாக்டரம்மாவின் சீட்டு. தேதி, எடை, உயரம், ரத்த அழுத்தம், என்ன வேலை பார்க்கிறாள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. “கல்யாணத்துக்கு ஜாதகமா பாக்குறாக?” என்று கேட்டு, உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன். நல்ல சிரிப்பு. ராக்கு மட்டும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

என் சிரிப்பு வேலை செய்திருக்கிறது. மூன்று நாளாக ஒருவர் கையிலும் சீட்டு இல்லை. அங்கே போவதைக் குறைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பாக்கியத்துக்கு மறுபடியும் தலைவலி. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்கிறாள். பிரஷர் மாத்திரை தீர்ந்து பத்து நாளாகிறது. பதினோரு வருஷமாக அவளுக்குக் கம்பெனிக்காரர்கள் தரும் சாம்பிள் அட்டையைத்தான் கொடுத்து வருகிறேன். எல்லா டாக்டர் வீட்டிலும் இதுதான் நடைமுறை. தினம் காலையில் என் கையாலேயே கொடுத்து, விழுங்கும்வரை நிற்பேன். அந்தக் கம்பெனி ஆள் இந்த மாதம் வரவில்லை. “வந்துருவான், பொறு” என்றேன். மருந்துக் கடைக்குப் போய் வாங்கினால் கடைக்காரன் ஊரெல்லாம் சொல்வான், டாக்டர் பெண்டாட்டிக்கே வியாதி என்று.

அவசரக் கேஸ்: ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

பாக்கியம் காலையில் அம்மன் கோயிலுக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். நல்ல கூட்டமாம். கொஞ்சம் தெளிச்சியாக இருந்தாள். கோயிலுக்குப் போனால் மனசு லேசாகும் என்று நானும் நோயாளிகளிடம் சொல்வதுண்டு.

செப்டம்பர் 2, சனி

கம்பெனி ஆள் வந்து சேர்ந்தான். இரண்டு டப்பா சாம்பிள் பிடுங்கினேன். அன்றைக்குப் படபடப்பு என்றாளே என்று நினைத்து, தினம் ஒன்றுக்குப் பதில் இரண்டாகக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. “ஒண்ணு போதாதாங்க?” என்றாள். டாக்டர் நானா நீயா என்று கேட்டேன். வாங்கி விழுங்கினாள்.

செப்டம்பர் 13, புதன்

எழுத ஒரு கேஸ்!

பனங்காட்டில் கதண்டுக் குளவி கொட்டிய ஓர் ஆளை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். டாக்டரம்மா மாவட்டத் தலைநகரில் மீட்டிங்கில் இருந்தாராம். உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். நாடி நூல் மாதிரி ஓடியது. தொடையில் ஊசி, கையில் டிரிப், மூக்கில் ஆக்சிஜன். பதினைந்து நிமிஷத்தில் பேசினான். கூட வந்த அவன் மாமா என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். இந்த மூன்று மாதத்தில் இன்றைக்குத்தான் நான் நானாக இருந்தேன். பாக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

சாயங்காலம் இருளாண்டி சொல்கிறான்: “எதுக்கும் ஒருக்கா மெஷின்ல பாத்துருவோம்னு அங்கிட்டு கூட்டிட்டுப் போயிருக்காக சார்.”

பேனாவைத் தூக்கி எறிந்தேன். பிறகு தேடி எடுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

கோயில். பாக்கியத்துக்கு ஒவ்வொரு செவ்வாயும் போவது என்று வேண்டுதலாம். திருநீறு கேட்டேன். வாங்க மறந்துவிட்டாளாம்.

செப்டம்பர் 26, செவ்வாய்

அவசர மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாதிக்குமேல் காலாவதி. பூச்சிமருந்து குடித்தவர்களுக்காக அட்ரோபின் ஊசி ஐம்பது, நூறு என்று வைத்திருந்த காலம் உண்டு. இன்று தேதி தாண்டாமல் இருந்தது ஒன்றே ஒன்று. வாங்கட்டுமா என்று இருளாண்டி கேட்டான். யாருக்குப் போட என்று கேட்டேன்.

பாக்கியம் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் காய் நறுக்க உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். “கிறுகிறுன்னு வருதுங்க.” ஐம்பத்தேழு வயதில் வராமல் என்ன செய்யும். தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு என் பேச்சுக் குறிப்பை எழுதப் போனேன். மூன்று உதாரணங்கள் தயார். மூன்றும் பழையவை. கதண்டுக் கேஸைச் சேர்க்க மனம் வரவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

பேசினேன். நன்றாகவே பேசினேன். மெஷின் இல்லாத காலத்தில் இந்த ஐந்து விரல்தான் எனக்கு மெஷின் என்று கையைத் தூக்கிக் காட்டியபோது கைதட்டினார்கள்.

அடுத்தது டாக்டர் பெனாசிர். பத்தே நிமிஷம். திரையில் படம் போட்டுக் காட்டினார். எந்தக் கேஸ் வந்தது, எத்தனை நிமிஷத்தில் பார்த்தோம், மேலே அனுப்பினோமா, பிழைத்தாரா. இறந்துபோன இரண்டு பேரைப் பற்றியும் சொன்னார், தான் எங்கே தாமதித்தேன் என்பது உட்பட. அதை யாராவது மேடையில் சொல்வார்களா? கடைசியில், “எங்களுக்கு ஒரே ஒரு கஷ்டம் இருக்கு. முன்னாடி எங்க காட்டுனீங்க, என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்டா எல்லாரும் எங்கயும் காட்டல, எதுவும் சாப்பிடலங்கறாங்க. ஏன்னு தெரியல” என்றார்.

பொய் சொல்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை பாவம், அனுபவம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

டீ நேரத்தில் சீனியர்கள் எல்லோரும் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். என்னைத் தேடி ஒருவர் வந்தார். கை கழுவும் இடம் எங்கே என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம், “அந்தப் பொண்ணும் பேசுனுச்சா?” என்றாள். பேசியது என்றேன். “சாப்பிட்டுச்சா? வேலை இருந்தா சோறே திங்காது அது.” உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஊரில் பேசிக்கொள்கிறார்களாம்.

அக்டோபர் 16, திங்கள்

பாக்கியத்துக்கு நேற்றிலிருந்து வயிற்றோட்டம். எழுந்து நடக்கத் தள்ளாடுகிறாள். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்திருக்கிறேன். சாப்பாடு இறங்காவிட்டாலும் பிரஷர் மாத்திரையை விடக்கூடாது என்று காலையில் இரண்டையும் கொடுத்தேன்.

அக்டோபர் 19, வியாழன்

மாவட்ட ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி வராந்தா. டைரி எப்படி என் பைக்குள் வந்தது என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருக்கிறது.

செவ்வாய் காலை ஒன்பதரை. பாத்திரம் விழும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் சமையலறையில் பாக்கியம் கிடக்கிறாள். உடம்பு சில்லிட்டு வேர்த்திருந்தது. கையைப் பிடித்தேன். நாடி கிடைக்கவே நேரமாயிற்று. எண்ணிப் பார்த்தேன். முப்பத்து நான்கு. மறுபடி எண்ணினேன். முப்பத்து நான்குதான். பிரஷர் எழுபதுக்குக் கீழே.

மாரடைப்பு என்று முடிவு கட்டினேன். துடிப்பை ஏற்ற, இருந்த ஒரே ஒரு அட்ரோபினைப் போட்டேன். நாடி நாற்பதுக்கு ஏறியது, நான் மூச்சு விடுவதற்குள் இறங்கிவிட்டது. டிரிப்பை மாட்டி, இருளாண்டியைப் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, என் காரின் பின்சீட்டில் கிடத்தினேன்.

“சார், சுகாதார நிலையம் பக்கத்துலதான…” என்றான் இருளாண்டி.

“மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்றேன்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். சுகாதார நிலையம் என் வீட்டிலிருந்து அறுநூறு மீட்டர். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. வராந்தாவில் சனம் நிறைந்திருந்தது. அத்தனை பேருக்கும் முன்னால் என் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போய் நிற்பதா என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. நாற்பத்தாறு கிலோமீட்டர் தாங்குமா என்றுகூட நினைக்கவில்லை. அந்த வாசலைத் தாண்டினேன். பெட்ரோல் பங்க்கைத் தாண்டினேன். வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் அவனைச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

கண்மாய்க் கரை ஏறும்போது பின்னால் இருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல.

“வண்டியத் திருப்புங்க. அந்தப் பொண்ணுகிட்ட போங்க.”

“பேசாம படு.”

“அதுக்கு என்னையத் தெரியுங்க. அங்க என் நோட்டு இருக்கு.”

கண்ணாடியில் இருளாண்டியைப் பார்த்தேன். அவன் டிரிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது. வண்டியைத் திருப்பினேன்.

டாக்டர் பெனாசிர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கட்டிலுக்குக் கொண்டுபோனார். வயர்களை மாட்டி ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தவர் நின்றுவிட்டார்.

“இவங்க செவ்வாய்க்கிழமை வர்ற பாக்கியம்மால்ல? நீங்க எப்படி சார் இவங்கள…”

“என் மனைவி.”

அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து வந்தாள். தனபாக்கியம், வயது 57. கணவர் தொழில் என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்று எழுதியிருந்தது.

“மாரடைப்பு இல்ல சார். துடிப்புதான் ரொம்பக் கம்மி. வீட்டுல ஏதாவது மாத்திரை எடுக்கறாங்களா? எங்கிட்ட எதுவுமே இல்லன்னாங்க.”

“பிரஷருக்கு. அட்டெனலால் அம்பது.”

“எத்தனை?”

“ரெண்டு.”

“நானும் அதே அம்பதுதான் சார் ஒண்ணு குடுக்கறேன். முதல் நாள் வந்தப்போ துடிப்பு நூத்து நாலு இருந்துச்சு, பிரஷரும் எகிறியிருந்துச்சு.”

நூற்று நான்கு இருக்காமல் என்ன செய்யும். பத்து வருஷத்துக்கு மேல் சாப்பிட்ட மாத்திரையைச் சாம்பிள் தீர்ந்தது என்று ஒரே நாளில் நிறுத்தினால் அப்படித்தான் துடிக்கும். முதலாம் வருஷ மாணவனுக்குத் தெரியும். மூன்று மாத்திரை, இரண்டு நாள் வயிற்றோட்டம், உடம்பில் தண்ணீர் இல்லை, மருந்து வெளியேற வழி இல்லை. எனக்கு எல்லாம் அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றபோதுதான் விளங்கியது. என் கையால் கொடுத்து, விழுங்கும்வரை நின்றேனே.

அதற்குப் பிறகு அவர்தான் வேலை செய்தார், அவர் சொன்ன இடத்தில் நான் நின்றேன். அட்ரோபின் இன்னும் மூன்று. டிரிப் வேகமாக. அதுவும் போதாமல் இதயத்தை முடுக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விட்டார். நாற்பது, நாற்பத்து நான்கு, ஐம்பத்து இரண்டு. ஒவ்வொரு எண்ணையும் நர்ஸ் சத்தமாகச் சொன்னாள். பாக்கியம் கண்ணைத் திறந்து, முதலில் அவரைப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸில் பின்னால் அவர் ஏறிக்கொண்டார். “நீங்க டிரைவர் பக்கத்துல உக்காந்துக்குங்க சார், இங்க எடம் பத்தாது” என்றார். நாற்பத்தாறு கிலோமீட்டரும் முன்சீட்டில் இருந்தேன். சின்னக் கண்ணாடித் துவாரம் வழியே திரும்பிப் பார்த்தால், அவர் என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தபடி குனிந்து என்னவோ சொல்கிறார், இவள் தலையாட்டுகிறாள். அந்த நிலைமையிலும் எனக்கு வயிறு எரிந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிய சீட்டை வாங்கி, என்னை எங்கே குற்றம் சொல்லியிருக்கிறார் என்று தேடினேன். ‘ஒரே மருந்து இரண்டு இடங்களில் தரப்பட்டுள்ளது, இருவருக்கும் மற்றவர் தருவது தெரியாது’ என்று மட்டும் இருந்தது. அவர் திட்டி எழுதியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 21, சனி

நாடி அறுபத்தெட்டு. எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். ஆபத்து நீங்கிவிட்டது என்கிறார்கள். கேட்டுவிட்டேன்.

“எதுக்கு அங்க போன?”

“படபடன்னு வந்துச்சு. உங்ககிட்ட சொன்னேன். கம்பெனிக்காரன் வரட்டும்னீங்க.”

“அப்புறம்தான் குடுத்தேனே. என்னோடத நிப்பாட்டியிருக்கலாம்ல?”

“எப்படி நிப்பாட்ட? முழுங்குற வரைக்கும் வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க.”

“அவங்களோடத நிப்பாட்டியிருக்கலாம்.”

அவள் போர்வை நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“நிப்பாட்டுனா அப்புறம் எதச் சொல்லி அங்க போறது?”

ஒரே மாத்திரை என்று தெரியவில்லையா என்று கேட்டேன்.

“உங்கது பளபளன்னு அட்டையில இருக்கு. அது வெறும் காயிதக் கவர்ல குடுக்குது. எனக்கு எங்கிட்டுத் தெரியும்? ஒண்ணு நீங்க குடுக்குறது, ஒண்ணு அது குடுக்குறதுனுதான் நெனச்சேன்.”

“அவங்ககிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாமே பாக்கியம். விவசாயம்னு எழுதி வச்சிருக்க.”

“டாக்டர் பொண்டாட்டியே அங்கிட்டு போறானு ஊரு பேசும். உங்களுக்குத்தான அசிங்கம்? ராக்கு சீட்டப் படிச்சு நீங்க சிரிச்சீங்களே, நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். அங்க வர்ற எல்லாருமே அப்படித்தான் சொல்றாக. உங்க பேர எடுக்க மாட்டாக. நீங்க வருத்தப்படுவீங்கன்னு இங்க சொல்ல மாட்டாக, அது வருத்தப்படும்னு அங்க சொல்ல மாட்டாக.”

எல்லாருமே என்றால் எத்தனை பேர் என்று கேட்டேன். எண்ணவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். யார் யார் வீட்டில் எந்த மாத்திரை இரண்டாக இறங்கிக்கொண்டிருக்கிறதோ என்று நினைக்க நினைக்க எனக்கு உட்கார முடியவில்லை. இருளாண்டிக்குப் போன் செய்தேன். நம்மிடம் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மருந்து வாங்குகிறவர்கள் பட்டியலை எழுதி, நாளைக்கே டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடு என்றேன்.

“நெசமாவா சார்?” என்றான். இரண்டு தடவை கேட்டான்.

அக்டோபர் 28, சனி

வீடு வந்து நான்கு நாள். பட்டியலில் இருந்தது நூற்றுப் பன்னிரண்டு பேர். அங்கேயும் நோட்டு வைத்திருப்பவர்கள் எழுபத்தொன்று. எழுபத்தொரு பேர் என் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறார்கள், என் மேல் இருந்த மரியாதையால். டாக்டரம்மா ஒன்பது பேருக்குச் சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்பியிருந்தார். ஒன்பதும் இரட்டை மருந்து. நானும் இருளாண்டியும் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். ராக்குவும் அதில் ஒருத்தி. என்னைக் கண்டதும் சீட்டை முந்தானைக்குள் மறைத்தாள். கொடு, படிக்க மாட்டேன் என்றேன்.

நவம்பர் 7, செவ்வாய்

பாக்கியத்தைச் சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிப் போனேன். நான் படியேறியதும் வராந்தா பெஞ்சில் பேச்சு நின்றது. சிலர் எழுந்து நின்றார்கள். கோனார் இந்தத் தடவை டிரான்ஸ்பார்மர் எதுவும் கிடைக்காமல் என்னையே பார்த்து, “ஒக்காருங்க டாக்டரய்யா” என்று நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். “நோயாளி மட்டும் வரட்டும் சார்” என்றாள் நர்ஸ், ரொம்பப் பணிவாக. கதவு சாத்தப்பட்டது.

பன்னிரண்டு நிமிஷம். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கிறது, வார்த்தை விளங்கவில்லை. பெரும்பாலும் பாக்கியத்தின் குரல்தான். வீட்டில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஒருமுறை சிரித்தாள். ஒருமுறை கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம். எழுந்து கதவைத் திறந்துவிடலாமா என்றிருந்தது. என் நோயாளிகளை எல்லாம் அந்தப் பெண் எடுத்துக்கொள்ளட்டும், பாம்பும் தேளும் கதண்டும் அங்கேயே போகட்டும், அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை மட்டும் எனக்குத் தரக்கூடாதா என்று நினைத்தேன்.

கதவு திறந்ததும் டாக்டர் பெனாசிர் வெளியே எட்டிப் பார்த்தார். “சார், அம்மாவுக்கு மூணு வருஷமா ராத்திரியில இடது கை மரத்துப் போகுதாம். ஏற்கெனவே ஏதாவது டெஸ்ட் பாத்திருக்கீங்களா?”

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன். “இப்பத்தான் கேள்விப்படுறேன். நீங்க எழுதிக்குங்க.”

வீட்டுக்கு வந்ததும் கிளினிக்கைத் திறக்கச் சொல்லாமல் பாக்கியத்தை உட்காரவைத்தேன். எதிரே உட்கார்ந்து, “எங்கிட்டயும் சொல்லு. உடம்புக்கு என்னென்ன செய்யுது?” என்று கேட்டேன். இப்படிக் கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

“அதான் அங்க எல்லாத்தையும் சொல்லிட்டேனேங்க” என்றாள். “திருப்பி மொதல்லேருந்து சொல்ல அலுப்பா இருக்கு.”

எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். வெளியே ஆட்கள் காத்திருப்பதாக இருளாண்டி இரண்டு தரம் வந்து சொன்னான். மூன்றாவது தரம் வந்தபோது, முதல் ஆளை அனுப்பு என்றேன்.